வராதவர்களின் ஓட்டு

நோர்ஹோக் தீவு
21 செப்டம்பர் 1975

அன்புத் தம்பி மொம்மேவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் லோரேயும் சுகம்தானே? அவளுடைய முழங்கால் வலி தணிந்ததா? ஹாம்பர்க்கில் அத்தனை மாடிப்படி ஏறி இறங்கினால் எந்த முழங்கால்தான் தாங்கும்? இங்கே நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். என் மருமகள் ஃபென்னாவுக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது. இதுவரை தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் கிடந்தவள், இப்போது புகைபோட்ட விலாங்கு வேண்டும் என்று கேட்கிறாள். நம் ஹாயே பெண்டாட்டிக்காகவே வலை போடப் போகிறான். மார்ச்சில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரக் காற்றில் வடக்கு மதகுக்குப் பக்கத்தில் கரை உடைத்துக்கொண்டது. முதல் நாள் ஒரு கன்றுக்குட்டி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. இப்போது டிராக்டரே போகும். கடல் ஓதம் கொஞ்சம் ஏறினாலும் உப்புத் தண்ணீர் புல்வெளிக்குள் வந்துவிடுகிறது. குளிர்காலப் புயல்களுக்கு முன்னால் அடைத்தாக வேண்டும்.

அடைப்பதற்கு அக்கரையிலிருந்து இயந்திரம் வர வேண்டும். அரசு பெரும்பகுதிச் செலவைத் தரும். ஆனால் கரைச் சங்கத்தின் தீர்மானத்தைக் கேட்கிறது. தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குக் கோரம் வேண்டும். நிலச் சொந்தக்காரர் பத்தொன்பது பேரில் பத்துப் பேராவது நேரில் வந்து உட்கார வேண்டும். கடிதத்தில் சம்மதம் எழுதி அனுப்பினால் செல்லாது. அந்தக் காலத்து விதி, உனக்குத் தெரிந்ததுதான். அவர்களில் இங்கே குடியிருப்பவர்கள் ஒன்பது பேர். அதில் இங்வெர் பெரியப்பா படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. ஹூசுமிலிருந்து ஹாரோ வருகிறேன் என்று சொல்லிவிட்டான். நீயும் வந்தால் சரியாகப் பத்து.

அக்டோபர் 11, சனிக்கிழமை. காலைப் படகில் வந்தால் மாலையிலேயே திரும்பலாம். இரவு தங்கினால் எனக்குச் சந்தோஷம். அப்பாவின் பங்கில் பாதி உன் பெயரில் இருப்பதால்தான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா வீப்கே


ஹாம்பர்க்
30 செப்டம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஃபென்னா விலாங்கு கேட்கிறாள் என்றதும் லோரே சிரித்துவிட்டாள். அப்படியானால் ஆண் பிள்ளைதானாம். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ, அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

கூட்டத்துக்குக் கட்டாயம் வருகிறேன். இதற்கெல்லாம் நீ இவ்வளவு விளக்கம் எழுத வேண்டுமா? என் ஓட்டு உன் ஓட்டுதானே. கப்பல் கம்பெனியில் சனிக்கிழமையும் வரச் சொல்லி ஒரு வழக்கம் ஆரம்பித்திருக்கிறார்கள், சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. வருஷா வருஷம் அடைக்கிறோம், வருஷா வருஷம் அது வேறொரு இடத்தில் திறந்துகொள்கிறது. ஹாயேவுக்கு இன்னும் இருபத்தாறு வயது ஆகவில்லை. இதெல்லாம் நேரில் பேச வேண்டியவை. வரும்போது பேசுவோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாருக்கும் எங்கள் அன்பு.

உன் தம்பி
மொம்மே


நோர்ஹோக்
13 அக்டோபர் 1975

அன்புத் தம்பிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தி ஏதாவது வருமா என்று நேற்று முழுக்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை பழைய பள்ளிக்கூட அறையில் எல்லாரும் கூடியிருந்தோம். காலைப் படகில் ஹாரோ மட்டும் இறங்கினான். நீ ரயிலைத் தவறவிட்டிருப்பாய், அடுத்த படகில் வருவாய் என்று நான்தான் சொன்னேன். கேட்டெல் அண்ணன் தலைவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் மூன்று தடவை டீ போட்டேன். ஹாரோ ஒருவன்தான் நிம்மதியாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

மத்தியானப் படகில் தபால்பையும் இரண்டு மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வந்தன. கேட்டெல் அண்ணன் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஒன்பது. "ஒன்பது பேர் சேந்து டீ குடிக்கலாம். டீ நல்லா இருந்துச்சுன்னு தீர்மானம் போட முடியாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கூட்டம் நடக்கவில்லை என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். இனி நவம்பர் 15. ஹாயே உடைப்பில் சணல் சாக்கும் வைக்கோலும் வைத்து அடைத்துப் பார்த்தான். இரண்டு ஓதம் தாங்கியது. மூன்றாவதில் எல்லாம் போய்விட்டது.

ஏதோ தவிர்க்க முடியாத வேலை வந்திருக்கும். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிடு. உன் பழைய அறையில் கணப்பு மூட்டி வைக்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஹாம்பர்க்
2 நவம்பர் 1975

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அந்தச் சனிக்கிழமை ஒரு கப்பல் சரக்கில் தகராறு. என்னால் நகரவே முடியவில்லை. உனக்குத் தந்தி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கலாம், கொடுக்கலாம் என்றிருந்தே மாலையாகிவிட்டது.

இங்கே துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஹாயே மாதிரி டிராக்டர், மோட்டார் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுச் சேர்க்கத் தெரிந்த பையன்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். குடியிருக்க வீடும் தருவாராம், நல்ல தண்ணீர், வெந்நீர் எல்லாம் குழாயில். நான் சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டு வைத்தேன். ஹாயேவிடம் சொல்லிப் பார். ஃபென்னாவிடமும் சொல். பிள்ளைத்தாய்ச்சி, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

15ஆம் தேதிக்கு முயற்சி செய்கிறேன். நான் வராவிட்டாலும் நீங்கள் எப்படியும் பத்துப் பேரைச் சேர்த்துவிடுவீர்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன்
மொம்மே


நோர்ஹோக்
17 நவம்பர் 1975

மொம்மேவுக்கு,

நலமா? நாங்கள் நலம்.

ஹாயேவிடம் பட்டறை விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஃபென்னா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நீ வரவில்லை. இந்தத் தடவை உன்னை நம்பி நாங்கள் சும்மா இருக்கவில்லை. இங்வெர் பெரியப்பாவே சொல்லி அனுப்பினார், என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று. ஹாயே டிராக்டரின் பின்வண்டியில் மெத்தை போட்டு, அவரைப் போர்வையோடு சுற்றிக் கொண்டுவந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவர் இருமினார். நாலு பேர் தூக்கி உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தோம். உதடு நீலமாக இருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

ஹாரோ கடைசியாக வந்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். கேட்டெல் அண்ணன் அவனுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார். பிறகு விரல் நீட்டி எண்ணினார்.

"பத்து. கோரம் இருக்கு. எழுதிக்க வீப்கே, கூட்டம் ஆரம்பம்."

நான் பேனாவைத் திறப்பதற்குள் ஹாரோ எழுந்துவிட்டான். "கொஞ்சம் இருங்க, படகை ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

"படகு எங்கயும் ஓடிடாது. உக்காருப்பா."

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"நீ எழுந்து போனா நாங்க ஒன்பது பேரு. தெரியுமில்ல?" என்றார் கேட்டெல் அண்ணன்.

"தெரியும்ணே" என்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "தெரிஞ்சுதான் எழுந்திருக்கேன்."

பெரியப்பா கையைத் தூக்கினார். "மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்திருக்காங்கடா என்னை. ஒரு கால் மணி நேரம் உக்காரு. வேண்டாம்னு கை தூக்கிட்டுப் போ. அது உன் இஷ்டம்."

ஹாரோவால் அவரைப் பார்க்க முடியவில்லை. போய்விட்டான். வேண்டாம் என்று கை தூக்கினால் அவன் ஒரு ஆள். நாங்கள் ஒன்பது பேர் ஜெயித்துவிடுவோம். எழுந்து போனால் எங்கள் ஒன்பது பேருக்கும் வாயில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசல்படியில் திரும்பி நின்று என்னிடம் ஒன்று சொன்னான். உன்னைப் பற்றி. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ கேட்டால் எழுதுகிறேன்.

பெரியப்பாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். அடுத்த கூட்டம் ஜனவரியில், தேதி இன்னும் வைக்கவில்லை.

வீப்கே


ஹாம்பர்க்
10 டிசம்பர் 1975

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. லோரே ஒரு பார்சல் கட்டியிருக்கிறாள்: காப்பிப் பொடி, பாதாம் மிட்டாய், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி. ஆணோ பெண்ணோ, இரண்டுக்கும் பொருந்தும் நிறமாம்.

பெரியப்பாவை அந்த மழையில் கொண்டுவந்ததை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் உடம்பு தேறிவிட்டதா?

ஒரு வேண்டுகோள், அக்கா. பண்டிகைக்கு நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். எங்களுக்கு இடம் இருக்கிறது. மாடுகளை இரண்டு வாரம் கேட்டெல் அண்ணன் பார்த்துக்கொள்ள மாட்டாரா? வரும்போது ஃபென்னாவை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டலாம். வேண்டுமானால் அவள் பிரசவம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். இதை மறுக்காதே.

ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்வோம்.

அன்புடன்
மொம்மே


ஹாம்பர்க்
5 ஜனவரி 1976

அக்கா,

சனிக்கிழமையிலிருந்து வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. கடற்கரை முழுக்க வெள்ளம் என்கிறார்கள். தீவுகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறார்கள், நோர்ஹோக்கை மட்டும் சொல்லவில்லை. தபால் நிலையத்துக்குப் போன் போட்டால் கம்பி அறுந்துவிட்டது என்கிறார்கள். ஹூசுமில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எப்படி இருக்கிறீர்கள்? வீடு நிற்கிறதா? ஹாயே எப்படி இருக்கிறான்? ஃபென்னா? அவளுக்கு ஏழாம் மாதம் இல்லையா?

பண்டிகைக்கு வந்திருக்கலாமே என்று எழுதப் போவதில்லை. ஒரே ஒரு வரி போடு. யார் கையிலாவது கொடுத்து அனுப்பு. நான் புறப்பட்டு வரட்டுமா? படகு எப்போது ஓடும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மொம்மே


நோர்ஹோக்
2 பிப்ரவரி 1976

மொம்மேவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உயிரோடு இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வீடு நிற்கிறது. மேற்குச் சுவரில் பாதி இல்லை. ஆடுகளில் மிஞ்சியவை ஏழு. கீழ்க்கொட்டகையில் கட்டியிருந்த கிடாரிகளை ஹாயே அவிழ்த்துவிடப் போனான், கயிறு நனைந்து இறுகிவிட்டதால் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அறுத்து முடிக்க முடியவில்லை. வைக்கோல் முழுக்கப் போயிற்று. நன்னீர்க் குளம் உப்பாகிவிட்டது. குடிக்கத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கேட்டெல் அண்ணனுக்கும் இதே கதைதான். இங்வெர் பெரியப்பா நலமாக இருக்கிறார். அவருடைய வீடு இருக்கும் மேடு உயரமானது.

வானொலியில் எச்சரிக்கை வந்தபோது காலைதான். காற்று அப்போது மேற்கில் இருந்தது. நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். கேட்டெல் அண்ணன் வீட்டில் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் அறை இருக்கிறதே, அங்கே எல்லாரும் போய்விடலாம் என்று மூட்டை கட்டினோம். கதவைத் திறந்தால் பாதையில் தண்ணீர் ஓடுகிறது. கரைக்கு மேலாக வரவில்லை. கரைக்கு வெளியே கடல் இன்னும் கீழேதான் இருந்தது. உடைப்பின் வழியாக உள்ளே வந்து, நம் மேட்டுக்கும் அவர் மேட்டுக்கும் நடுவில் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஹாயே இறங்கிப் பார்த்தான். மார்புவரை ஆழம், இழுப்பு வேறு. பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு அதில் எப்படி இறங்குவது? திரும்பி வந்துவிட்டோம். மத்தியானத்துக்கு மேல் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. பிறகு கரை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை.

கூரை அறைக்கு ஏறினோம். கீழே மேஜையும் நாற்காலியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ ஃபென்னாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏணியில் ஏறும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. என்னால் முடிந்ததைச் செய்தேன். ஆண் பிள்ளை. எல்லாம் சரியாக இருந்தது, நகம்கூட வந்திருந்தது. கொஞ்ச நேரம் மூச்சுவிட்டான். ஹாயே சட்டையைக் கழற்றிவிட்டு அவனை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் வந்தது, ஃபென்னாவை ஹூசுமுக்கு எடுத்துப் போனார்கள். அவள் இப்போது அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியவில்லை.

பெயர் வைத்திருக்கவில்லை.

லோரேயிடம் தொப்பி வந்து சேர்ந்தது என்று சொல்.

வீப்கே


ஹாம்பர்க்
20 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். லோரே அழுதுகொண்டே இருக்கிறாள். ஹாயேவுக்கு நான் என்ன எழுதுவேன்? நீயே சொல்லிவிடு.

இங்கே கரைகளைப் பார்க்கும் என்ஜினீயர் ஒருவரிடம் கேட்டேன். அவ்வளவு உயரத் தண்ணீருக்கு உங்கள் கரை முழுசாக இருந்திருந்தாலும் தாங்கியிருக்காது, மேலே வழிந்திருக்கும் என்றார். உனக்கு ஆறுதலாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

இனி ஒளித்துப் பேசி என்ன ஆகப் போகிறது? அரசு நோர்ஹோக்கை முழுசாகப் பறவைகள் சரணாலயத்துக்கென்று வாங்கத் தயாராக இருக்கிறது. ஹாரோ போன கோடையிலிருந்தே அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். இரண்டு தடவை நானும் போயிருக்கிறேன். கரையைப் புதுப்பித்துவிட்டால் வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். அக்கா, உன்னை அங்கிருந்து வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கேட்டால் நீ வரமாட்டாய். நீ வராவிட்டால் ஹாயே வரமாட்டான். உங்கள் நல்லதுக்குத்தான் நினைத்தேன். என்னை நம்பு.

நிலத்தைச் சேர்த்து விற்க வேண்டுமானால் சங்கத்தைக் கலைக்க வேண்டும். கலைக்க முக்கால்வாசிப் பேர், அதாவது பதினைந்து பேர், நேரில் வர வேண்டும். ஏப்ரல் 24 என்று கேட்டெல் அண்ணன் தேதி வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஹாரோ எழுதிவிட்டான். எண்ணிப் பார்த்தால் நீ வந்தால்தான் பதினைந்து ஆகிறது. நீ வர வேண்டும் அக்கா, ஹாயேவுக்காகவாவது.

மொம்மே


நோர்ஹோக்
8 மார்ச் 1976

மொம்மேவுக்கு,

சுகம். உன் சுகத்தையும் எழுது.

உன் என்ஜினீயர் சொன்னது சரியாக இருக்கலாம். இங்கே வந்து பார்த்த என்ஜினீயரும் அதையேதான் சொன்னார். சாயங்காலம் எப்படியும் வழிந்திருக்கும். நான் கேட்பது சாயங்காலத்தை அல்ல, காலையை. காலையில் பாதை இருந்திருக்குமா, இருந்திருக்காதா? சாகும்வரை நான் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஹாரோ வாசல்படியில் நின்று சொன்னது இது: "என்னை ஏன் துரத்திட்டு வர்றீங்க? உங்க தம்பியும் நானும் சேந்து எடுத்த முடிவுதான். அவரு வரமாட்டாரு. நான் இருந்து பத்து சேந்துட்டா எழுந்துடணும்னு பேச்சு."

நீ கேட்டால் எழுதுகிறேன் என்றிருந்தேன். நீ கேட்கவில்லை. பெரியப்பாவின் இருமலைக் கேட்டாய், மாடுகளைக் கேட்டாய், அதை மட்டும் கேட்கவில்லை. டிசம்பர் முழுக்கத் தபால்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஹாரோ அப்படி என்ன சொன்னான்?' என்று ஒரு வரி நீ எழுதியிருந்தால், அவன் பொய் சொன்னான் என்று முடிவுகட்டியிருப்பேன்.

என் நல்லதுக்கு என்கிறாய். ஒருத்தியை வெளியே கூப்பிட நினைப்பவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவான். நான் வரமாட்டேன் என்று கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய். ஃபென்னாவாவது உன்னோடு புறப்பட்டிருப்பாளோ என்னவோ. நீ அதைச் செய்யவில்லை. ஹாம்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு வராமல் இருந்தாய்.

24ஆம் தேதி வருவேனா என்று கேட்கிறாய். நான் வராவிட்டால் பதினாலு. கூட்டம் இல்லை. விற்பனை இல்லை. எனக்கும் அந்த வித்தை இப்போது தெரியும்.

வீப்கே


ஹாம்பர்க்
26 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் ஒரே அறையில் இருந்தும் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. கீலிலிருந்தும் பிரெமனிலிருந்தும் வந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெயில் நன்றாக இருந்தது. ஆளாளுக்கு ரொட்டிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள். பெரியப்பாவைக் கூப்பிடப் போனவர்களிடம், 'நான் ஒரு தடவை வந்தாச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கேட்டெல் அண்ணன் எண்ணினார், பதினாலு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'அவங்க வரமாட்டாங்க' என்று ஹாரோ என் காதில் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. நீ வரக்கூடாது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நம்ப மாட்டாய்.

கதவு திறந்தது. நீ உள்ளே வந்து கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாய். கறுப்புக் கோட்டு. மெலிந்துபோயிருக்கிறாய்.

"யோசிச்சுத்தான் வந்தியா வீப்கே?" என்று கேட்டெல் அண்ணன் கேட்டார்.

"எண்ணுங்கண்ணே" என்றாய்.

பதினைந்து, கோரம் இருக்கிறது, கூட்டம் செல்லும் என்று அவர் சொன்னார். கலைக்கலாம் என்பவர்கள் கை தூக்கினோம். தீவுக்காரர்களும் தூக்கினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டபோது, நீ ஒருத்திதான் கை தூக்கினாய். அதையும் எழுதிக்கொண்டு, தீர்மானம் நிறைவேறியது என்று படித்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் நீ பாதித் தூரம் போய்விட்டிருந்தாய். கூப்பிட்டேன். காற்றில் கேட்டிருக்காது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாய் என்றால், ஏன் வந்தாய் அக்கா? வராமல் இருந்திருந்தாலே போதுமே. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் எழுது.

மொம்மே


நோர்ஹோக்
9 மே 1976

தம்பி மொம்மேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லோரேயின் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று கேட்டெல் அண்ணன் மூலம் கேள்விப்பட்டேன். நல்லபடியாக முடியட்டும்.

ஏன் வந்தாய் என்று கேட்கிறாய். அன்று காலையில் நான் வருவதாக இல்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எதுவுமே செய்ய வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும், அங்கே பதினாலு பேருடைய கை கட்டிக் கிடக்கும். எவ்வளவு சுலபம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உன் மேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்தில் கொஞ்சம் குறைந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றை யார்தான் செய்ய மாட்டார்கள்?

ஹாயே என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அன்றுவரை இந்த விஷயத்தில் வாய் திறந்ததே இல்லை. "நீ போகலைன்னா நானும் இங்கயே கிடக்கணும்மா" என்றான். "ஃபென்னா இந்த ஏணிக்குத் திரும்ப வரமாட்டா. நான் அவகிட்டப் போகணும்." கோட்டை விரித்துப் பிடித்தான். நான் கையை நுழைத்துக்கொண்டேன்.

வந்தேன். என் மனசில் இருந்ததைக் கை தூக்கிச் சொன்னேன். ஆனால் அந்த அறைக்கு என் கை தேவைப்படவில்லை. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன நான் இருந்ததால்தான் அவர்கள் வேண்டும் என்றது செல்லுபடி ஆயிற்று.

மாடுகள் போன வாரம் படகேறின. ஹாயே ஃபென்னாவின் ஊரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டான், உன் பட்டறை வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஹூசுமில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. இரண்டாம் மாடி, தெருப்பக்க ஜன்னல். முகவரியைப் பிறகு அனுப்புகிறேன்.

29ஆம் தேதி சாமான்களை ஏற்றுகிறோம். நீ லீவு போட்டுவிட்டு வந்து உதவுகிறேன் என்று கேட்டெல் அண்ணனிடம் சொன்னாயாம். வேண்டாம். இந்த வேலைக்கு இருக்கிற ஆள் போதும்.

வீப்கே